ஸ்பேம் வடிகட்டிக்குப் பயிற்சி: எல்லா மின்னஞ்சலையும் காட்டுவதா, பிழைகளை மட்டும் காட்டுவதா?

விலைப்பட்டியல் வரவில்லை என்று பொருள் வழங்குபவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டோம். அனுப்பிவிட்டோம் என்று அவர்களும் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முறை அவர்கள் குரலில் எரிச்சல் தெரிந்த பிறகுதான், "சார், ஸ்பேம் ஃபோல்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்" என்று கணக்குப் பிரிவில் இருப்பவர் என்னிடம் சொன்னார். அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களும் அங்கேதான் கிடந்தன.

முப்பது பேர் பயன்படுத்தும் மின்னஞ்சல் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடுவது பேய்சியன் வடிகட்டி: முன்பு பார்த்த மின்னஞ்சல்களில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்தது என்பதை வைத்து ஸ்பேமைக் கணிப்பது. அந்த மின்னஞ்சலை அது ஏன் ஒதுக்கியது என்று சொல்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 'விலைப்பட்டியல்', 'தொகை' போன்ற சொற்கள் நல்ல பக்கமே இழுத்தன. ஆனால் அடியில் இருந்த 'சந்தாவை நீக்க' என்ற இணைப்பின் முகவரி, அனுப்பிய சேவையின் பெயர், அந்தச் சேவை ஹெட்டரில் (மின்னஞ்சலின் தலைப்பகுதியில்) சேர்க்கும் குறிகள் ஆகியவை 0.98, 0.99 என்று நின்றன. 0 என்றால் நல்லது, 1 என்றால் ஸ்பேம். எங்கள் ஊழியர் ஒருவர் தாமே விரும்பிச் சேர்ந்த செய்திமடல்கள் சலித்துப்போனதும், சந்தாவை நீக்காமல் ஒவ்வொன்றையும் 'ஸ்பேம்' என்று குறித்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக. அந்தச் செய்திமடல்களும் இந்த விலைப்பட்டியலும் ஒரே மொத்த அஞ்சல் சேவை வழியாக வந்தவை. வடிகட்டி தனக்குச் சொன்னதை அப்படியே கற்றிருந்தது. அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று ஊழியர்களுக்கு நான் ஒருநாளும் விளக்கியதில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

அதன் பிறகு, பயிற்சி கொடுக்கும் முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். மென்பொருளை மாற்றுவது பற்றி நான் இங்கே எழுதவில்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும், அதற்கு எதை, எப்போது, யார் கற்றுக்கொடுப்பது என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே நடப்பது வெறும் எண்ணிக்கை

முறைகளை ஒப்பிட, உள்ளே நடக்கும் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 400 ஸ்பேமும் 400 நல்ல மின்னஞ்சலும் கற்ற ஒரு வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். 'இலவசம்' என்ற சொல் 120 ஸ்பேமிலும் 4 நல்ல மின்னஞ்சலிலும் வந்திருக்கிறது. விகிதங்கள் 0.30, 0.01. அந்தச் சொல்லின் மதிப்பு 0.30 / (0.30 + 0.01), ஏறத்தாழ 0.97. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்புக் கிடைக்கிறது. புதிதாக வரும் மின்னஞ்சலில் இருக்கும் சொற்களின் மதிப்புகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் தீர்ப்பு வந்துவிடும்.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான, நிகழ்தகவு பற்றிய தாமஸ் பேய்ஸின் கட்டுரை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1763-இல் வெளியானது. அதை மின்னஞ்சலுக்குப் பொருத்திய ஆய்வுகள் 1998-இல் வந்தன. 2002 ஆகஸ்டில் நிரலாளர் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்த முறை பரவியது. ஒரு மின்னஞ்சலில் நடுநிலையிலிருந்து மிகவும் விலகி நிற்கும் 15 சொற்களை மட்டும் அவர் கணக்கில் எடுத்தார். நல்ல மின்னஞ்சல் தவறிப்போய்விடக் கூடாது என்பதற்காக, நல்ல பக்கத்து எண்ணிக்கையை இரட்டித்தார். அடுத்து கேரி ராபின்சன் சேர்த்த ஒரு திருத்தம் இன்றும் பல வடிகட்டிகளில் இருக்கிறது. ஒரே ஒரு முறை, அதுவும் ஸ்பேமில் மட்டும் வந்த சொல்லுக்கு நேர்க்கணக்கில் 1.0 கிடைத்துவிடும். ஒரு தடவை பார்த்ததை வைத்து இவ்வளவு உறுதி கூடாது. எனவே 0.5 மதிப்புள்ள ஒரு கற்பனைப் பார்வையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது 0.75-க்கு இறங்கிவிடும். பார்த்த எண்ணிக்கை கூடக்கூட அந்தக் கற்பனைப் பார்வையின் செல்வாக்குக் கரைந்துபோகும்.

நாம் தவறாகக் குறிக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் நூற்றுக்கணக்கான சொற்களின் எண்ணிக்கையை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. செய்திமடலைக் குறித்தவர் ஒரு செய்திமடலைத் தண்டிப்பதாகத்தான் நினைத்தார். உண்மையில் அந்த அஞ்சல் சேவையின் எல்லா அடையாளங்களையும் சேர்த்துத் தண்டித்துவிட்டார்.

எல்லாவற்றையும் கற்பிப்பது

முதல் முறையில், வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் வடிகட்டி தன் தீர்ப்பின்படியே உடனுக்குடன் கற்றுக்கொள்கிறது. தீர்ப்புத் தவறாக இருந்தால் மனிதர் பிறகு திருத்த வேண்டும். டிஸ்பேம் வடிகட்டியில் இதற்கென்று தனி அமைப்பு உண்டு. போகோஃபில்டர் என்ற வடிகட்டியிலும் அப்படி ஓட்டலாம்.

இதன் பலம் வேகம். காலையில் ஒரு புது வகை ஸ்பேம் அலையாக வந்தால் மதியத்திற்குள் வடிகட்டி அதைப் பழகிவிடும். தரவுத்தளத்தில் இருக்கும் எண்ணிக்கைகள் உண்மையான வரத்தை ஒட்டியே இருக்கும். ஒழுங்காகத் திருத்தும் ஒருவர் தம் சொந்த அஞ்சல்பெட்டிக்கு இதை வைத்துக்கொண்டால் குறை சொல்ல இடமிருக்காது.

ஆனால் திருத்தப்படாத பிழை இந்த முறையில் சும்மா கிடப்பதில்லை. அது பாடமாகிவிடுகிறது. இன்பாக்ஸில் ஸ்பேம் ஒன்று நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் என்ன செய்கிறார்கள்? நீக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தொல்லை தீர்ந்தது. வடிகட்டியின் கணக்கிலோ அது நல்ல மின்னஞ்சலாகவே பதிந்துவிட்டது. அடுத்து வரும் அதே வகை ஸ்பேம் இன்னும் எளிதாக நுழையும். அதையும் நீக்குவார்கள். அதுவும் பதியும். எங்கள் சர்வரில் ஒரு கடன் மோசடி வரிசை இப்படித்தான் வாரக்கணக்கில் இன்பாக்ஸில் குடியிருந்தது. பத்துப் பேர் அதை நீக்கினார்கள். ஒருவர்கூடக் குறிக்கவில்லை.

பிழைகளை மட்டும் கற்பிப்பது

இரண்டாவது முறை இதற்கு நேர் எதிர். வடிகட்டி சரியாகச் சொன்னதை மறுபடி கற்பிப்பதில்லை. தவறியதை மட்டும் மனிதர் எடுத்துக் காட்டுகிறார். தரவுத்தளம் சிறியதாக இருக்கும், வேலையும் குறைவு. மிக முக்கியமாக, இந்த முறை மனிதரின் அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஒரு ஸ்பேமைக் குறிக்காமல் நீக்கிவிட்டால் வடிகட்டி அதிலிருந்து எதையும் கற்காது. நட்டம் அவ்வளவுதான். தவறான பாடம் ஏறாது.

குறைகளும் உண்டு. தொடக்கம் மெதுவாக இருக்கும். வடிகட்டி பார்த்த நல்ல மின்னஞ்சல்கள் எல்லாமே ஒரு காலத்தில் ஸ்பேம் போலத் தோன்றியவை, பார்த்த ஸ்பேம்கள் எல்லாமே நல்லவை போல வேடமிட்டவை. சாதாரண மின்னஞ்சல் எப்படி இருக்கும் என்ற படம் அதனிடம் இருக்காது. இன்னொன்று: எல்லைக்கு ஒட்டினாற்போல் 0.51 வாங்கித் தப்பித்த சரியான தீர்ப்பையும் இந்த முறை 'சரி' என்று விட்டுவிடுகிறது. அடுத்த முறை ஒரு சொல் மாறினால் அது கவிழும். ஸ்பேம் அனுப்புபவர்கள் அடியில் தொடர்பற்ற சாதாரணச் சொற்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்ப்பது, இப்படி எல்லையோரத்தில் நிற்பவற்றை மறுபக்கம் தள்ளத்தான்.

ஐயத்தையும் சேர்த்துக் கற்பிப்பது

இதற்கு விடையாக வந்ததுதான் மூன்றாவது முறை. நான் கைக்கொண்டதும் இதையே. பிழைகளோடு, வடிகட்டி தயங்கியவற்றையும் கற்பிக்க வேண்டும்.

ஸ்பேம்பேயஸ் என்ற வடிகட்டி இதைத் தெளிவாகச் செய்தது. 0.20-க்குக் கீழே நல்லது, 0.90-க்கு மேலே ஸ்பேம், நடுவில் இருப்பதெல்லாம் 'ஐயம்' என்ற தனி ஃபோல்டருக்குப் போகும். சொற்களின் மதிப்புகளைச் சேர்க்க ராபின்சன் முன்வைத்த கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் கணக்கினால் இது இயன்றது. கிரஹாமின் பழைய கணக்கில் மதிப்புகள் 0-க்கோ 1-க்கோ ஓடிவிடும், நடுவில் எதுவும் தங்காது. புதிய கணக்கில், இரு பக்கமும் வலுவான சான்றுகள் இருந்தாலும் இரு பக்கமும் சான்றே இல்லாவிட்டாலும் மதிப்பு நடுவில் வந்து நிற்கும். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த வடிகட்டியைத் திருத்துவது எளிது.

ஐய ஃபோல்டரின் பெரிய நன்மை, பார்க்க வேண்டியது சிறிய குவியலாகிவிடுவது. ஸ்பேம் ஃபோல்டரில் குவிந்து கிடக்கும் நூற்றுக்கணக்கானவற்றை யாரும் தினமும் புரட்ட மாட்டார்கள். ஐயத்தில் இருக்கும் ஏழெட்டைத் தேநீர் ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். எங்கள் விலைப்பட்டியல் அப்படி ஒரு ஃபோல்டரில் விழுந்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கும் மேலே போய், பிழையே இல்லாமல் போகும்வரை அதே குவியலைத் திரும்பத் திரும்பக் கற்பிக்கும் முறையும் இருக்கிறது. சோதனைத் தொகுப்புகளில் அழகான எண்கள் வரும். அன்றாட அஞ்சலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். குவியலில் தவறாகக் குறித்த ஒன்று இருந்தால், அதைச் சரியென்று ஏற்கும்வரை வடிகட்டியை வளைத்துக்கொண்டே இருப்போம்.

தானாகக் கற்க விடுவது

ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டிகளில் மனிதர் கையே படாத வழி ஒன்று உண்டு. அதில் பேய்ஸ் கணக்கு ஒரு பகுதி மட்டுமே; பல விதிகள் தரும் புள்ளிகளைக் கூட்டித்தான் மதிப்பெண் வரும், எனவே அது 0-க்கும் 1-க்கும் நடுவே நிற்காது. பேய்ஸ் தவிர்த்த மற்ற விதிகள் தரும் மதிப்பெண்ணை வைத்து வடிகட்டி தானாகக் கற்கிறது. இயல்பு அமைப்பில் 12.0-க்கு மேல் வாங்கியது ஸ்பேம் என்றும், 0.1-க்குக் கீழே வாங்கியது நல்லது என்றும் பாடமாகும். ஸ்பேமாகக் கற்க, ஹெட்டரிலிருந்து 3 புள்ளிகளும் உள்ளடக்கத்திலிருந்து 3 புள்ளிகளும் வந்திருக்க வேண்டும் என்ற காப்பும் உண்டு. தன் தீர்ப்பைத் தானே பாடமாக்கிச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, பேய்ஸ் பகுதியின் மதிப்பெண் இதில் சேர்க்கப்படுவதில்லை. கவனமான வடிவமைப்புத்தான்.

இருந்தும் எனக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை. 12-க்கு மேல் போகும் ஸ்பேம் பேய்ஸ் இல்லாமலே பிடிபட்டிருக்கும். நமக்கு உதவி தேவைப்படுவது 2-க்கும் 6-க்கும் நடுவே தத்தளிப்பவற்றில். அவை பாடமாவதே இல்லை. மறுபக்கம் ஆபத்தும் இருக்கிறது. எந்த விதியிலும் சிக்காத புதுவகை ஸ்பேம் 0.1-க்குக் கீழே வாங்கி, நல்லது என்று பதிந்துவிடும். தானியங்கிக் கற்றலை வைத்துக்கொள்ள விரும்பினால் நல்லது என்பதற்கான எல்லையைச் சுழியத்திற்குக் கீழே இறக்கிவிடுங்கள். அப்போது நல்லது என்பதற்கான சான்று உள்ளவை மட்டுமே பாடமாகும். திருத்த யாருமே இல்லாத சர்வருக்கு, ஒன்றும் இல்லாததற்கு இது மேல்.

எனவே எந்த முறை என்று என்னிடம் கேட்பவர்களிடம், துல்லிய எண்களைப் பேசுவதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிழையைத் திருத்த யார் இருக்கிறார், வாரத்தில் எத்தனை நிமிடம் உட்காருவார்? ஒவ்வொரு தவறையும் அன்றன்றே திருத்தும் ஒருவருக்கு எல்லாவற்றையும் கற்பிப்பது சிறந்தது. வாரம் இரண்டு முறை உட்காரக்கூடியவருக்குப் பிழையும் ஐயமும். யாரும் இல்லையென்றால் எல்லை இறக்கிய தானியங்கி முறை. பலர் பகிரும் தரவுத்தளத்தில், எவரும் பார்க்காத நிலையில், எல்லாவற்றையும் கற்பிக்கும் முறையை மட்டும் ஓடவிடாதீர்கள்.

எந்த முறைக்கும் முன்னால்

தொடக்கக் குவியலைக் கையால் சேர்க்க வேண்டும். ஸ்பேம்அசாசினில் இரு வகையிலும் குறைந்தது 200 மின்னஞ்சல்கள் கற்றால்தான் பேய்ஸ் பகுதி வாய் திறக்கும். அந்த 200-ஐ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சேர்த்தால் ஒரு மாலைப்பொழுது போகும். போகட்டும். பொதுவெளியில் கிடைக்கும் தொகுப்புகளை ஏற்றினால் வேலை மிச்சம்போலத் தோன்றும். ஆனால் அவற்றில் இருக்கும் நல்ல மின்னஞ்சல் வேறு யாருடையதோ, அதுவும் பலகாலத்திற்கு முந்தையது. ஸ்பேம்அசாசின் திட்டத்தின் பொதுத் தொகுப்பிலேயே பெரும்பகுதி 2002-ஐ ஒட்டியது. ஸ்பேமுக்கு இணையாக உங்கள் நல்ல மின்னஞ்சலையும் தெரிந்துகொண்டால்தான் பேய்சியன் வடிகட்டியின் வலிமை வெளிப்படும்.

இரண்டு குவியலும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். பழைய ஸ்பேமையும் புதிய நல்ல மின்னஞ்சலையும் சேர்த்துக் கற்பித்தால் வடிகட்டி ஆண்டைப் படித்துக்கொள்ளும். தேதி, மென்பொருள் பதிப்பு, சர்வர் பெயர் எல்லாம் சொற்கள்தான்.

எண்ணிக்கைச் சமநிலையும் முக்கியம். 5,000 ஸ்பேமும் 100 நல்லதும் கற்ற வடிகட்டியில், 'கூட்டம்' என்ற சொல் 40 ஸ்பேமில் வந்து, அந்த 100-இல் ஒன்றிலும் வரவில்லை என்றால் அதன் மதிப்பு 1-ஐ ஒட்டிப் போய்விடும். அலுவலக மின்னஞ்சலில் அன்றாடம் புழங்கும் சொல் அது. நல்ல பக்கத்துக் குவியல் சிறியதாக இருந்ததுதான் ஒரே காரணம். ஸ்பேம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக மூட்டை மூட்டையாக ஏற்றாதீர்கள்.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. ஸ்பேம் வந்தால் எனக்கு அனுப்புங்கள் என்று ஊழியர்களிடம் சொன்னேன். அவர்கள் வழக்கம்போல முன்னனுப்பினார்கள். அப்படி அனுப்பும்போது பழைய ஹெட்டர் உதிர்ந்து, அனுப்பியவரின் பெயரும் முகவரியும் கையொப்பமும் ஒட்டிக்கொள்கின்றன. அதை ஸ்பேம் என்று கற்பித்தால், நம் ஊழியரின் பெயரையே ஸ்பேம் சொல்லாக்கிவிடுகிறோம். ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூல மின்னஞ்சலை இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழில் மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம். 'வங்கி', 'வங்கியில்', 'வங்கிக்கு', 'வங்கியிலிருந்து' ஆகிய நான்கும் வடிகட்டிக்கு நான்கு வெவ்வேறு சொற்கள். ஒரே கருத்தைப் பழக அதிக எடுத்துக்காட்டுகள் தேவைப்படும். தமிழில் வருவதெல்லாம் நல்லதாகவே இருந்துவிட்டால், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் நற்சான்றாகிவிடும். எங்கள் சர்வருக்கு முதலில் வந்த தமிழ் மோசடி மின்னஞ்சல் 0.00 வாங்கிக்கொண்டு நேராக இன்பாக்ஸுக்குப் போனது. தமிழ் ஸ்பேம் கிடைத்தால் நீக்காதீர்கள். எடுத்து வைத்து ஒவ்வொன்றையும் கற்பியுங்கள்.

பகிர்ந்த தரவுத்தளமா, தனித்தனியா? ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்கு வேண்டியதாக இருக்கும் என்பதால் தனித்தனி வைப்பதே துல்லியம். தன் கடிதத்தைப் பிறர் பார்ப்பார்களோ என்ற தயக்கமும் இருக்காது. ஆனால் ஒவ்வொருவரும் தம் 200-ஐச் சேர்க்க வேண்டும். நாளுக்கு நான்கு மின்னஞ்சல் பெறுபவரின் தரவுத்தளம் முதிர மாதங்களாகும். நான் பகிர்ந்ததையே வைத்துக்கொண்டு, இடையில் ஒரு கையைச் சேர்த்தேன். ஊழியர் குறிப்பது நேராகப் பாடமாகாமல் காத்திருப்பு ஃபோல்டருக்கு வருகிறது. திங்களும் வியாழனும் பதினைந்து நிமிடம் அதைப் பார்த்து, செய்திமடல்களைக் கழித்துவிட்டு மீதியைக் கற்பிக்கிறேன். நல்ல மின்னஞ்சலைப் பொறுத்தவரை, அவர்களே விரும்பிப் படி எடுத்து வைப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அளப்பதிலும் ஒரு எச்சரிக்கை. 1,000 மின்னஞ்சலில் 900 ஸ்பேம் என்றால், எல்லாவற்றையும் ஸ்பேம் என்று சொல்லும் வடிகட்டிக்குக்கூட 90 விழுக்காடு துல்லியம் கிடைத்துவிடும். அதனால் இரண்டு எண்களைத் தனித்தனியே குறித்து வையுங்கள்: ஒதுங்கிப்போன நல்லவை எத்தனை, நுழைந்துவிட்ட ஸ்பேம் எத்தனை. அதையும் வடிகட்டி இதுவரை கற்காத மின்னஞ்சல்களில் அளக்க வேண்டும். முதல் எண்தான் என் தூக்கத்தைக் கெடுப்பது. பத்து ஸ்பேம் நுழைந்தால் பத்து முறை அழுத்தி நீக்கலாம். ஒரு கடிதம் தொலைந்தால் அது தொலைந்ததே தெரியாது.

செய்திமடல் ஊழியரோடு ஒருநாள் உட்கார்ந்து 14 சந்தாக்களை நீக்கினோம். அவர் முன்பு குறித்தவற்றைத் தேடி எடுத்து வடிகட்டியை மறக்கச் செய்தேன். ஒதுங்கிப்போன இரண்டு விலைப்பட்டியல்களையும் நல்லவை என்று கற்பித்தேன். அடுத்த மாத விலைப்பட்டியல் 0.31 வாங்கி ஐய ஃபோல்டருக்கு வந்தது. அதையும் கற்பித்தேன். அதற்கடுத்த மாதம் 0.04, நேராக இன்பாக்ஸில்.